கவுண்டியோட பேரிடர் ரிஸ்க்கை எதை நம்பி முடிவு பண்றது? ஃபீமா ஸ்கோர், ஃப்ளட் மேப், கவுண்டி ப்ளான், ப்ரைவேட் ஸ்கோர், இன்ஷூரன்ஸ் கோட்: ஒரு ஒப்பீடு

அமெரிக்காவுல வீடு தேடுற நம்மாளுங்க ஸ்கூல் ரேட்டிங்கை பத்து தடவ பாப்போம், ஆபீஸுக்கு எத்தன நிமிஷம்னு பாப்போம், வாசல் கிழக்கு பாத்திருக்கான்னு பாப்போம். "இந்த கவுண்டில வெள்ளம், டொர்னேடோ, காட்டுத்தீ, நிலநடுக்கம் இதெல்லாம் எப்படி"ங்கற கேள்வி மட்டும் ஆஃபர் போடுறதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வரும். அப்ப உக்காந்து தேடினா ஒரு மேப் "ரிஸ்க் ரொம்ப கம்மி"ங்குது, இன்னொரு சைட் அதே வீட்டுக்கு 10-க்கு 9 போடுது, ஏஜென்ட் "ஃப்ளட் ஜோன் இல்ல சார், கவலப்படாதீங்க"ங்கறார், எதை நம்பறதுன்னு தெரியாம தூக்கம் போயிடும்.

கொஞ்ச நாளா இதே கேள்வியோட மூணு பேர் என்கிட்ட வந்துட்டாங்க. டெக்சஸ் காலின் கவுண்டில வீடு பாக்குற ஒரு தம்பி, நார்த் கரோலைனா வேக் கவுண்டிக்கு மாறப்போற ஒரு அக்கா, கலிஃபோர்னியா அலமேடா கவுண்டில வாடகைக்கு இருக்கறவர் ஒருத்தர். மூணு பேருக்கும் தனித்தனியா சொன்னதை ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ அக்கறைன்னா, 2021 செப்டம்பர் 1 ராத்திரி ஐடா புயலோட மிச்சம் நியூ ஜெர்சி மேல வந்து கொட்டினப்ப எங்க நண்பர் வீட்டு பேஸ்மெண்ட் முழுகிடுச்சு. மிடில்செக்ஸ் கவுண்டி, மேப்ல எக்ஸ் ஜோன் (வெள்ள ஆபத்துக் கோட்டுக்கு வெளிய), பக்கத்துல ஆறும் கிடையாது ஓடையும் கிடையாது. ஜன்னல் குழியில தண்ணி ரொம்பி கண்ணாடி உடைஞ்சு அருவி மாதிரி உள்ள விழுந்துருக்கு. மறுநாள் காலைல பக்கெட்டோட போனேன், படியில நாலாவது படி வரைக்கும் பழுப்புத் தண்ணி, அதுல அவங்க அம்மா மதுரைலேர்ந்து கொண்டுவந்த கொலு பொம்மைப் பெட்டி மிதக்குது, காகிதக்கூழ் பொம்மையெல்லாம் ஊறி உப்பி முகமே தெரியல. இன்ஷூரன்ஸ்லேர்ந்து ஒரு டாலர் வரல. "நான் மேப் பாத்துட்டுதானே வாங்கினேன்"னு அவர் திரும்பத் திரும்ப சொன்னது இன்னும் காதுல நிக்குது. அவர் மேப் பாத்தது உண்மைதான். ஆனா அந்த மேப் எந்தக் கேள்விக்கு பதில் சொல்லுதுன்னு யாரும் அவருக்கு சொல்லித் தரல.

## எதை வச்சு ஒப்பிடப் போறோம்

வழி எதுவா இருந்தாலும் நான் கேக்கறது இந்த அஞ்சுதான்.

- எவ்ளோ கிட்டத்துல பாக்குது? மொத்த கவுண்டியா, தெருவா, வீடா?
- எந்தெந்த ஆபத்தைக் கணக்குல எடுக்குது, எதை விட்டுடுது?
- நடந்து முடிஞ்சதை சொல்லுதா, இனிமே வரப்போறதை சொல்லுதா?
- யாருக்காக செஞ்சது? அரசாங்கத்துக்கா, பேங்குக்கா, வாங்குற நமக்கா?
- தப்பா புரிஞ்சுக்கிட்டா நம்ம பாக்கெட்லேர்ந்து எவ்ளோ போகும்?

நாலாவது கேள்வியை யாரும் கேக்கறதே இல்ல, என்னைக் கேட்டா அதான் முக்கியம்.

## 1. ஃபீமாவோட நேஷனல் ரிஸ்க் இண்டெக்ஸ்

ஃபீமாங்கறது அமெரிக்க அரசாங்கத்தோட பேரிடர் நிர்வாக ஏஜென்சி. அவங்க சைட்ல கவுண்டி பேரைத் தட்டினா 18 வகை இயற்கை ஆபத்துக்கு ஒரு ஸ்கோர் வரும். பனிச்சரிவு, எரிமலை, சுனாமியிலேர்ந்து ஆலங்கட்டி, மின்னல், வெயில் வரைக்கும் எல்லாம் இருக்கு. "ரொம்ப கம்மி"ல ஆரம்பிச்சு "ரொம்ப அதிகம்" வரைக்கும் அஞ்சு படி. காசு கிடையாது, அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். கவுண்டிக்குக் கீழ சென்சஸ் ட்ராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரிச்ச சின்னப் பகுதி) அளவுக்கும் இறங்கிப் பாக்கலாம், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல.

கணக்கு எப்படின்னா, இந்த இடத்துல வருஷத்துக்கு சராசரியா எத்தன டாலர் நஷ்டம் எதிர்பாக்கலாம்னு முதல்ல ஒரு தொகை, அப்புறம் அங்க இருக்கற ஜனங்க எவ்ளோ நலிஞ்சவங்கங்கறத வச்சு அதை ஏத்தி, அந்த ஊருக்கு மீண்டு எழுற தெம்பு எவ்ளோங்கறத வச்சு இறக்கறாங்க. இதுல ரெண்டு இடத்துல கால் இடறும்.

ஒண்ணு, அது மொத்த நஷ்டம். ஜனமும் வீடும் அதிகமா இருக்கற கவுண்டிக்கு ஸ்கோர் தானா ஏறும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நாட்டுலயே முதலிடத்துல நிக்கறதுக்கு அங்க நிலநடுக்கமும் தீயும் இருக்கறது ஒரு காரணம்னா, எரியறதுக்கும் இடியறதுக்கும் அங்க அவ்ளோ சொத்து இருக்கறது இன்னொரு காரணம். ஆள் இல்லாத கவுண்டில அதே அளவு ஆபத்து இருந்தாலும் ஸ்கோர் கம்மியா காட்டும். அதனால ரெண்டு கவுண்டியை ஒப்பிடுறீங்கன்னா மொத்த ஸ்கோரைப் பாக்காதீங்க, எதிர்பாக்கற வருஷ நஷ்டத்தோட விகிதம்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, அதைப் பாருங்க.

ரெண்டாவது, அந்த ஜனங்களோட நலிவு கணக்கு. வசதியான சபர்ப் கவுண்டிக்கு அதனாலயே ஸ்கோர் இறங்கும். கவர்ன்மென்ட்டுக்கு இது ரொம்ப சரியான கணக்கு, யாருக்கு முதல்ல உதவி போகணும்னு தெரியணும்ல. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் நல்லா சம்பாதிக்கறார்ங்கறதுக்காக உங்க கூரை மேல விழுற ஆலங்கட்டி சின்னதாகப் போறதில்ல. வீடு வாங்குறவங்க அந்தந்த ஆபத்தோட தனி வரியைத்தான் படிக்கணும்.

இன்னொண்ணு, கவுண்டின்னா எல்லாம் ஒரே சைஸ் கிடையாது. சான் பெர்னார்டினோ கவுண்டி மட்டும் 20,000 சதுர மைலுக்கு மேல, மலை, காடு, பாலைவனம், நெருக்கமான ஊர் எல்லாம் ஒரே பேர்ல. அதுக்கு ஒரே நம்பர் போட்டு என்ன புரிஞ்சுக்க முடியும்?

எப்ப நல்லது: வேலை மாறி வர்றீங்க, எந்த கவுண்டின்னே இன்னும் முடிவாகல, நாலஞ்சை பக்கத்துல வச்சுப் பாக்கணும். அப்ப இதுலேர்ந்து ஆரம்பிங்க. இந்த கவுண்டில எந்த மூணு ஆபத்து முன்னாடி நிக்குதுன்னு தெரிஞ்சுக்க இதை விட வேகமான வழி இல்ல. வீடு பிடிச்சுப்போன பிறகு இதுக்கு வேலை இல்ல.

## 2. ஃபீமாவோட ஃப்ளட் மேப்

எல்லாரும் "ஃப்ளட் ஜோன்"னு சொல்றது இதைத்தான். அட்ரஸ் போட்டா ஜோன் எழுத்து வரும். ஏ, ஏஈ-ன்னு வந்தா வருஷத்துக்கு குறைஞ்சது 1% வெள்ள வாய்ப்பு இருக்கற இடம். வி, விஈ-ன்னா அதோட கடல் அலையும் சேர்ந்து அடிக்கற கரையோரம். எக்ஸ்னா அதுக்கு வெளிய, அதுலயும் நிழல் போட்ட எக்ஸ்னா 0.2% வாய்ப்பு.

இந்த 1%-ஐத்தான் "100 வருஷ வெள்ளம்"னு சொல்லி நம்மள ஏமாற வச்சுட்டாங்க. 100 வருஷத்துக்கு ஒரு தடவதானே, நம்ம காலத்துல வராதுன்னு தோணுது. ஒரு 30 வருஷ மார்ட்கேஜ் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு தடவயாவது வர்ற வாய்ப்பு 26%. நாலு வீட்டுல ஒரு வீடு. போன வருஷம் வந்துடுச்சுன்னா இந்த வருஷம் வராதுங்கறதும் கிடையாது.

இந்த மேப் யாருக்காக? ஃப்ளட் இன்ஷூரன்ஸ் ப்ரோக்ராமுக்காகவும் பேங்குக்காகவும். நீங்க வாங்குற வீடு ஏ அல்லது வி ஜோன்ல இருந்து, ஃபெடரல் ஆதரவு உள்ள மார்ட்கேஜா இருந்தா, ஃப்ளட் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்தக் கோட்டைப் போடறதுக்காகத்தான் மேப். கோட்டுக்கு வெளிய இருந்தா பேங்க் கேக்காது, அவ்ளோதான். "பேங்க் கேக்கல"ங்கறத "வெள்ளம் வராது"ன்னு நாம மொழிபெயர்த்துக்கறோம், தப்பு அங்கதான் நடக்குது.

மேப்ல வர்றது ஆறு, ஓடை, கடல் இதுலேர்ந்து ஏறுற தண்ணி. மேகம் ஒரே மணி நேரத்துல கொட்டி, சாக்கடைக் குழாய் திணறி, தெருவே ஓடையாகி வீட்டுக்குள்ள வர்ற தண்ணி இதுல பெரும்பாலும் கிடையாது. ஐடா அன்னிக்கு நியூ யார்க் சென்ட்ரல் பார்க்ல ஒரே மணி நேரத்துல 3.15 அங்குலம் பெஞ்சுது, எங்க நண்பர் வீட்டுல நடந்ததும் இந்த ரகம்தான். 2017 ஹார்வி புயல்ல ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டில 1,50,000-க்கு மேல வீட்டுக்குள்ள தண்ணி போச்சு, அதுல பாதிக்கு மேல அந்த 1% கோட்டுக்கு வெளிய இருந்த வீடுங்க.

மேப்பைத் திறந்தா அதுல எஃபெக்டிவ் டேட்னு, அந்த மேப் அமலுக்கு வந்த தேதி இருக்கும், கண்டிப்பா பாருங்க. சில இடத்துல அது ரொம்பப் பழைய தேதி. அதுக்கப்புறம் மேட்டுல இருந்த வயக்காடெல்லாம் சப்டிவிஷனாகி, பார்க்கிங் லாட்டாகி, மண்ணு குடிச்ச தண்ணியெல்லாம் இப்ப ரோட்டுல ஓடும், மேப்புக்கு அது தெரியாது.

எப்ப நல்லது: ஜோன் ஏ, வி-ன்னு வந்தா அதை அப்படியே நம்புங்க, விலை பேசறதுக்கும் அதை வச்சே பேசுங்க. எக்ஸ்னு வந்தா இந்த மேப் உங்களுக்கு ஒண்ணும் சொல்லலன்னு எடுத்துக்கிட்டு அடுத்த வழிக்குப் போங்க. தீ, காத்து, நிலநடுக்கம், ஆலங்கட்டி எதுக்கும் இதுல பதில் இல்லங்கறதும் ஞாபகத்துல இருக்கட்டும்.

## 3. கவுண்டியோட ஹசார்ட் மிட்டிகேஷன் ப்ளான்

பேரிடர் பாதிப்பைக் குறைக்க கவுண்டி எழுதி வைக்கற திட்டம் இது, இருக்கறதே நெறைய பேருக்குத் தெரியாது. 2000-ல வந்த டிசாஸ்டர் மிட்டிகேஷன் சட்டப்படி, ஃபீமாகிட்டேர்ந்து தடுப்பு வேலைக்கு மான்யம் வேணும்னா லோக்கல் கவர்ன்மென்ட் இப்படி ஒரு ப்ளான் வச்சிருக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். கவுண்டி பேரும் "ஹசார்ட் மிட்டிகேஷன் ப்ளான்"னும் போட்டுத் தேடினா பெரும்பாலும் பிடிஎஃப் கிடைச்சுடும். சில கவுண்டில நூத்துக்கணக்கான பக்கம் வரும், அதைப் பாத்ததும் மூடிடாதீங்க, மூணு இடத்தை மட்டும் படிச்சா போதும்.

முதல்ல, இதுவரைக்கும் என்னென்ன நடந்துச்சுங்கற பகுதி. இதுல நம்ம ஞாபகத்துக்கு எட்டாத காலத்துக் கதையெல்லாம் இருக்கும். நார்த் கரோலைனா ஆஷ்வில் இருக்கற பங்கம் கவுண்டியை எடுத்துக்கோங்க. மலை ஊரு, கடலுக்கு தூரம், புயல்லேர்ந்து தப்பிக்க நல்ல இடம்னு நெறைய பேர் நம்பி அங்க குடிபோனாங்க. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வந்து ஃப்ரெஞ்ச் ப்ராட் ஆறு 1916 வெள்ளத்தோட ரெக்கார்டையே தாண்டிடுச்சு. கவனிங்க, 1916-ல ஏற்கனவே ஒரு பெரிய வெள்ளம் வந்த ஆறு அது. புதுசா வந்தவங்களுக்குத்தான் தெரியல.

ரெண்டாவது, முக்கியமான கட்டடம், ரோடு, பாலம், தண்ணி, கரண்ட் இதெல்லாம் எங்க ஆபத்துல இருக்குங்கற பகுதி. வீடு தப்பிச்சா போதும்னு நாம நெனைக்கறோம். ஆஷ்வில்ல வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதவங்களுக்குக்கூட நவம்பர் 18 வரைக்கும் குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியல, ஏழு வாரத்துக்கு மேல. 2021 பிப்ரவரில டெக்சஸ் குளிர்ல வீடு இடியல, கரண்ட் போச்சு, குழாய் உறைஞ்சு வெடிச்சுது, 200-க்கு மேல உயிர் போச்சு. இந்த மாதிரி ரிஸ்க்கை எந்த வீட்டு ஸ்கோரும் உங்களுக்கு சொல்லாது.

மூணாவது, கடைசியில வர்ற வேலைப் பட்டியல். இதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். எந்த ரோட்டுல எந்த மதகுக் குழாய் சின்னதா இருக்கு, எந்தப் பாலம் வெள்ளத்துல மூழ்குது, எங்க ஜெனரேட்டர் இல்ல, அதுக்கு எவ்ளோ செலவாகும், வேலை முடிஞ்சதா இல்ல போன ப்ளான்லேர்ந்து அப்படியே தள்ளிக்கிட்டு வருதா, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருப்பாங்க. உங்க தெரு பேரைத் தேடிப் பாருங்க. பக்கத்து மெயின் ரோடு பேரைத் தேடுங்க. கிடைச்சா, அதுக்கு அர்த்தம் அந்த இடத்துல தண்ணி நிக்குதுன்னு கவுண்டியே கையெழுத்து போட்டு சொல்லியிருக்கு. திரும்பத் திரும்ப ஃப்ளட் க்ளெய்ம் போட்ட வீடுங்க எந்த ஊர்ல எத்தனைன்னும் இதுல வரும். அட்ரஸ் தரமாட்டாங்க, ஆனா எண்ணிக்கையே போதும்.

குறை இல்லாம இல்ல. சில கவுண்டில நல்லா உழைச்சு எழுதியிருப்பாங்க, சில கவுண்டில கன்சல்டன்ட் வேற கவுண்டிக்கு எழுதினதை பேர் மாத்திக் கொடுத்த மாதிரி இருக்கும். அஞ்சு வருஷத்துல நெலம மாறிடும். அப்புறம் ப்ளான்ல ஆபத்தை எழுதினதாலயே அதைத் தடுக்க ஏற்பாடு நடந்துடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. 2025 ஜூலை 4 அன்னிக்கு டெக்சஸ் கெர் கவுண்டில குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்துல சுமார் 26 அடி ஏறுச்சு. அந்த ஆத்துல திடீர் வெள்ளம் வரும்னு அங்க இருக்கறவங்களுக்கு தலைமுறை தலைமுறையா தெரியும், ஆனா கரையோரம் சைரன் வைக்கல. அதனால பட்டியல்ல "முடிந்தது"ன்னு போட்டிருக்கா, "காசு கிடைத்தால்"னு போட்டிருக்கான்னு பாத்துப் படிங்க.

எப்ப நல்லது: கவுண்டி முடிவாயிடுச்சு, ஊர், ஏரியா தேடிட்டிருக்கீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒதுக்க முடியும். தமிழ்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ இடம் வாங்குற கமிட்டில இருந்தீங்கன்னா இதைப் படிக்காம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க.

## 4. வீட்டு லிஸ்டிங்ல வர்ற ப்ரைவேட் ஸ்கோர்

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்னு ஒரு அமைப்பு 2020-ல ஃப்ளட் ஃபேக்டர்னு கொண்டுவந்தாங்க, அப்புறம் தீ, வெயில், காத்துக்கும் வந்துச்சு. வீட்டுக்கு 1-லேர்ந்து 10 வரைக்கும் மார்க். இதோட பலம், மழைத் தண்ணியையும் சேத்துக் கணக்கு போடுது, அடுத்த 30 வருஷத்துல பருவநிலை மாறுறதையும் சேக்குது. 2020-ல இவங்க கணக்குப்படி கணிசமான வெள்ள ரிஸ்க் இருக்கற சொத்து 1.46 கோடி, ஃபீமா மேப்ல இருந்ததை விட கிட்டத்தட்ட 59 லட்சம் அதிகம். அந்த இடைவெளியில இருக்கற குடும்பங்கள நெனச்சுப் பாத்தா இந்த ஸ்கோர் வந்தது நல்லதுக்குத்தான்னு தோணும்.

ஆனா ஒரு தனி வீட்டுக்கு இவ்ளோ துல்லியமா மார்க் போட முடியுமாங்கறதுல சண்டை ஓயல. வீட்டுத் தரைமட்டம் எவ்ளோ உயரம், பின்னாடி வடிகால் வெட்டியிருக்காங்களா, இதெல்லாம் மாடலுக்கு எப்பவும் தெரியாது. வேற கம்பெனி மாடல்ல போட்டா அதே வீட்டுக்கு வேற மார்க் வரும். ஜில்லோ 2024-ல இதை லிஸ்டிங்ல சேத்துட்டு அடுத்த வருஷமே எடுத்துடுச்சு. 9-ன்னு பாத்து பயந்து நல்ல வீட்டை விடவும் வேண்டாம், 1-ன்னு பாத்து நிம்மதியா தூங்கவும் வேண்டாம்.

எப்ப நல்லது: மேப்ல எக்ஸ், ஆனா ஸ்கோர் 7-க்கு மேல. இந்த முரண்பாடுதான் உங்களுக்கு வேண்டிய தகவல், ஏன்னு தோண்டிப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா இதுலேர்ந்து புதுசா ஒண்ணும் கிடைக்காது.

## 5. இன்ஷூரன்ஸ் கோட்

இதை நான் கடைசியில வச்சாலும் என் மனசுல இதுக்குத்தான் முதல் இடம். மத்ததெல்லாம் அபிப்ராயம், இது ஒருத்தர் தன் காசைப் பந்தயம் வச்சு சொல்ற விலை.

ஃப்ளட் கோட்லேர்ந்து ஆரம்பிக்கறேன். சாதாரண ஹோம் இன்ஷூரன்ஸ்ல வெள்ளம் கிடையாது, நிலநடுக்கமும் கிடையாது, ரெண்டுக்கும் தனி பாலிசி. 2021 அக்டோபர்லேர்ந்து ஃபெடரல் ஃப்ளட் இன்ஷூரன்ஸ் விலை போடற முறையை மாத்திட்டாங்க. முன்னாடி ஜோன் எழுத்தைப் பாத்து விலை, இப்ப தண்ணி எவ்ளோ தூரம், வீடு எவ்ளோ உயரம், திரும்பக் கட்ட எவ்ளோ ஆகும்னு வீட்டுக்கு வீடு விலை. அதனால எக்ஸ் ஜோன் வீட்டுக்கும் ஒரு கோட் வாங்கிப் பாருங்க, வாங்கறதும் வாங்காததும் அப்புறம். எதிர்பாத்ததை விட ரெண்டு மூணு மடங்கு வந்துச்சுன்னா அந்த வீட்டுக்கிட்ட ஏதோ இருக்கு.

இதுல ஒரு மறைஞ்ச செலவு. விக்கறவர் "நான் வருஷத்துக்கு இவ்ளோதான் கட்டறேன்"னு ஒரு சின்னத் தொகை காட்டுவார், பொய் சொல்லமாட்டார். பழைய பாலிசிக்காரங்களுக்கு பெரும்பாலும் வருஷத்துக்கு 18%-க்கு மேல ஏத்தக்கூடாதுன்னு வரம்பு இருக்கு, அதனால அவர் கட்டறது முழு விலையே இல்ல, ஏறிக்கிட்டே இருக்கற படியில ஒரு படி. அந்தப் பாலிசியை உங்க பேருக்கு மாத்திக்க முடியும், கண்டிப்பா கேளுங்க, லாபம்தான். ஆனா மாசச் செலவு கணக்கு போடும்போது புதுசா ஒரு கோட் வாங்கி முழு விலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க.

இன்னும் ரெண்டு. புது ஃப்ளட் பாலிசிக்கு பொதுவா 30 நாள் காத்திருப்பு உண்டு, வீட்டுக் கடன் வாங்கும்போது அதோட சேத்து எடுத்தா அது இல்ல, புயல் செய்தி பாத்துட்டு எடுத்தா உதவாது. அப்புறம் பேஸ்மெண்ட். ஃபெடரல் பாலிசில ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், எலெக்ட்ரிக் பேனல் மாதிரி சமாச்சாரத்துக்கு கவரேஜ் இருக்கு, பொருள்ல வாஷர், ட்ரையர், ஃப்ரீஸர் மாதிரி சிலதுக்கு மட்டும். நாம ஆசை ஆசையா போட்ட தரை, ஹோம் தியேட்டர், சோஃபா, பூஜை அலமாரி எதுக்கும் கிடையாது. எங்க நண்பர்கிட்ட பாலிசி இருந்திருந்தாலும் அந்தக் கொலுப் பெட்டிக்குக் காசு வந்திருக்காது. வீட்டுக்கு 2,50,000 டாலர், பொருளுக்கு 1,00,000 டாலர்ங்கறதுதான் ஃபெடரல் உச்சவரம்புங்கறதும் தெரிஞ்சுக்கோங்க.

காலின் கவுண்டி தம்பிக்கு நான் சொன்னது வேற. அங்க பெரிய தலைவலி ஆலங்கட்டியும் காத்தும். ப்ரீமியத்தை மட்டும் பாத்து ஒப்பிடாதேன்னு சொன்னேன். காத்து, ஆலங்கட்டிக்கு தனி டிடக்டபிள் இருக்கும், அது டாலர்ல இல்லாம சதவீதத்துல இருக்கும். 5,00,000 டாலருக்கு இன்ஷூர் பண்ணின வீட்டுக்கு 2%-ன்னா கூரை போனா முதல் 10,000 டாலர் நம்ம கைக்காசு. கூரைக்கு புதுக்கூரை விலை தருவாங்களா, தேய்மானம் கழிச்சுட்டுத் தருவாங்களாங்கறது அடுத்த வரி. அவர் வாங்கின மூணு கோட்ல ப்ரீமியம் கம்மியா இருந்ததுலதான் இந்த ரெண்டும் மோசமா இருந்துச்சு.

காட்டுத்தீ பக்கம்னா, கோட் கிடைக்குதாங்கறதே பதில். நாலு கம்பெனி மாட்டேன்னு சொல்லி, கலிஃபோர்னியா ஃபேர் ப்ளான் மாதிரி கடைசிப் புகலிடத்துக்குப் போகவேண்டி வந்தா, அந்த ஏரியாவைப் பத்தி வேற ரிப்போர்ட் படிக்கவேண்டியதில்ல. ஆனா கோட் ஈசியா கிடைச்சா தீ வராதுன்னும் இல்ல. 2021 டிசம்பர் 30-ல கொலராடோ போல்டர் கவுண்டில மார்ஷல் ஃபயர் 1,000-க்கு மேல வீட்டை எரிச்சுது, நடுக்காட்டுல இல்ல, கடை தெருன்னு இருக்கற சபர்ப்ல. இன்ஷூரன்ஸ் இருந்தும் திரும்பக் கட்ட அந்தத் தொகை பத்தாம நெறைய பேர் தவிச்சாங்க. அதனால வீட்டோட மார்க்கெட் விலையை விட்டுட்டு, இடிச்சுத் திரும்பக் கட்ட எவ்ளோ ஆகும்ங்கற தொகைக்கு கவரேஜ் இருக்கான்னு கேளுங்க.

இன்ஷூரன்ஸ் கோட்டோட குறை ஒண்ணுதான், அது அடுத்த ஒரு வருஷத்துக்கான விலை. உங்க கடன் 30 வருஷம்.

எப்ப நல்லது: வீடு பிடிச்சாச்சு, இன்ஸ்பெக்‌ஷன் காலம் ஓடுது. அன்னிக்கே ஹோம், ஃப்ளட், தேவைன்னா நிலநடுக்கம் மூணுக்கும் கோட் கேளுங்க. கூடவே விக்கறவர்கிட்ட க்ளூ ரிப்போர்ட் கேளுங்க, அந்த வீட்டுல ஏழு வருஷத்துல போட்ட ஹோம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் அதுல வரும், ஓனருக்கு இலவசம்.

## பக்கத்துல வச்சுப் பாத்தா

| வழி | எவ்ளோ கிட்டம் | விட்டுப்போறது | ஆகுற செலவு | எந்தக் கட்டத்துக்கு |
|---|---|---|---|---|
| ரிஸ்க் இண்டெக்ஸ் | கவுண்டி, ட்ராக்ட் | உங்க வீடு | 5 நிமிஷம் | எந்த கவுண்டி? |
| ஃப்ளட் மேப் | வீடு வரைக்கும் | மழைத் தண்ணி; வெள்ளம் அல்லாத மத்த ஆபத்து எல்லாம் | 5 நிமிஷம் | பேங்க் கேக்குமா? |
| கவுண்டி ப்ளான் | ஊர், சில சமயம் ரோடு | வீட்டு அளவு விவரம் | அரை நாள் | எந்த ஏரியா? |
| ப்ரைவேட் ஸ்கோர் | வீடு | தரைமட்டம், வடிகால் | 2 நிமிஷம் | மேப்போட முரண்படுதா? |
| இன்ஷூரன்ஸ் கோட் | வீடு | ஒரு வருஷத்துக்கு அப்புறம் வர்றது | சில ஃபோன் கால் | வாங்கலாமா? |

கட்டத்துல வராத ஒண்ணு, நேர்ல போறது. நல்ல மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. ஃபர்னஸோட அடிக்கால்ல துருக்கோடு இருக்கா, பேஸ்மெண்ட் சுவத்துல ஒரு உயரம் வரைக்கும் மட்டும் புது பெயிண்ட்டா, அந்தத் தெருவுல எத்தன வீட்டுலேர்ந்து பம்ப் குழாய் வாசலுக்கு வருது. எதிர் வீட்டுல பத்து வருஷமா இருக்கறவங்ககிட்ட "இங்க தண்ணி நிக்குமா"ன்னு கேக்காதீங்க, "ஐடா அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க, கதையே வரும்.

## அப்ப அந்த மூணு பேருக்கு

காலின் கவுண்டி தம்பிக்கு இண்டெக்ஸ்ல தெரிஞ்சதே போதும், நேரத்தையெல்லாம் கோட் ஒப்பிடறதுல போடச் சொன்னேன். ஆலங்கட்டி எந்தத் தெருவுல விழும்னு எந்த மேப்பும் சொல்லாது, கூரையோட வயசும் டிடக்டபிளும்தான் அவர் கையில இருக்கு.

வேக் கவுண்டி அக்காவுக்கு ப்ளானும் ஃப்ளட் கோட்டும். ஓடைக்குப் பின்பக்கம் இருக்கற அழகான வீடு ஒண்ணு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, ஓடை பேரைப் போட்டு ப்ளான்ல தேடச் சொல்லியிருக்கேன்.

அலமேடாக்காரர் வாடகைக்கு இருக்கறதால வீட்டு விலையைப் பத்தி அவருக்குக் கவலை இல்ல, உயிரும் பொருளும்தான். ஹேவர்ட் ஃபால்ட், அதாவது நிலநடுக்கம் கிளம்புற பூமிப் பிளவு, பக்கத்துலயே ஓடுது. கட்டடம் எந்த வருஷம் கட்டினது, கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங்கா திறந்து கிடக்கா, பலப்படுத்தியிருக்காங்களான்னு ஓனர்கிட்ட எழுத்துல கேக்கச் சொன்னேன். நாளைக்கு கலிஃபோர்னியாவுலயே வாங்கினார்னா, ஃபால்ட் ஜோன், தீ ஜோன், அணை உடைஞ்சா தண்ணி வர்ற ஜோன் உட்பட ஆறு ஜோனுக்கு விக்கறவர் எழுதிக் கொடுத்தே ஆகணும், அது அங்க சட்டம். வாடகைக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு, ரெண்டர்ஸ் இன்ஷூரன்ஸ்லயும் வெள்ளம் கிடையாது, பொருளுக்கு மட்டும் தனியா ஃப்ளட் பாலிசி எடுக்கலாம். பேஸ்மெண்ட் அபார்ட்மென்ட் வாடகை கம்மின்னு யாராவது போறாங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்திக் கேளுங்க, வெளிய வர ரெண்டாவது வழி இருக்கான்னு. ஐடா ராத்திரி நியூ யார்க் சிட்டில இறந்த 13 பேர்ல 11 பேர் பேஸ்மெண்ட்ல இருந்தவங்க.

எங்க நண்பர் அதே வீட்டுலதான் இருக்கார். ஃப்ளட் பாலிசி எடுத்துட்டார், கொலுப் பெட்டி இப்ப மாடியில. அவங்க கவுண்டி ப்ளானைப் புதுப்பிக்கறப்ப பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, சட்டப்படி கேக்கணும். அவர் படியில தண்ணி நின்ன கோட்டை டேப் வச்சு அளந்து, ஃபோட்டோவோட, தெரு முனையில இருக்கற மதகுக் குழாயோட படத்தையும் சேத்து அனுப்பினார். பட்டியல்ல அந்தத் தெரு பேர் வந்திருக்கான்னு அடுத்த பிடிஎஃப் வந்தவுடனே தேடிப் பாக்கணும்.